பூட்டுவதற்கு முன் ஊரைக் கேளுங்கள்

மாணவர் சேர்க்கை குறைந்த அரசுத் தொடக்கப் பள்ளிகள் சிலவற்றை நூலகங்களாக மாற்ற 2019-இல் தமிழக அரசு முடிவெடுத்தது. பக்கத்துப் பள்ளியோடு இணைப்பது என்ற பேச்சும் அவ்வப்போது எழுகிறது. பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்க்கும் அதிகாரிகள், ஊரை ஏன் கேட்பதில்லை?

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கட்டாயமாக்கியது. அதில் முக்கால் பங்கு உறுப்பினர்கள் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தீட்டவும், நிதி எப்படிச் செலவாகிறது என்று கண்காணிக்கவும் குழுவுக்கு உரிமை உண்டு. ஆனால், பள்ளியை மூடுவதில் அதற்கு என்ன பங்கு என்று சட்டம் சொல்லவில்லை. கழிப்பறைக்குத் திட்டம் போடலாம், பள்ளியே இருக்குமா என்று கேட்க முடியாது என்பது விசித்திரம்தான்!

காமராஜர் ஆட்சியில், கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்கள் நிலமும் கட்டடமும் மேசை நாற்காலிகளும் வாரி வழங்கினார்கள். அப்படி ஊரே கட்டியெழுப்பிய பள்ளிகள் இன்றும் பல உண்டு.

சேர்க்கை சரிந்ததற்குக் காரணம் ஆசிரியர் பற்றாக்குறையா, தனியார் பள்ளி வேனா என்பது பெற்றோருக்குத்தான் தெரியும். எனவே, எந்தப் பள்ளியை மூடுவதாக இருந்தாலும் இணைப்பதாக இருந்தாலும், மேலாண்மைக் குழுவிலும் கிராம சபையிலும் விவாதித்த பிறகே முடிவெடுக்க வேண்டும் என அரசு ஆணை பிறப்பிக்க வேண்டும்.