ஒரே பேட்டரியில் ஒரு மலையா?

மலையைச் சுற்றி ஒரு முழு வட்டம். நடுவில் வெட்டும் கிடையாது, ஒட்டும் கிடையாது. ட்ரோன் கைக்கு வந்த மூன்றாவது மாதம் எல்லோருக்கும் வருகிற ஆசை இது. ஆசையில் தப்பில்லை, அதன் பின்னால் வரும் கேள்வியில்தான் தப்பு. "எந்த பேட்டரி போட்டால் முழு வட்டமும் வரும்?" என்று கேட்கிறார்கள். பதில் சொல்கிற மேதாவிகளும் பெரிய பேட்டரி, கூடுதல் நிமிஷம், அடுத்த மாடல் என்று கடை விரித்துவிடுகிறார்கள். கேள்வியே கோணல் என்று சொல்லத்தான் ஆளைக் காணோம்.

சும்மா வாயால் சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் நிஜமான ஒரு மலையை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். மலை, மேட்டர்ஹார்ன். ஸ்விட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் எல்லையில் நிற்கிறது. உயரம் 4478 மீட்டர். 2023-இல் அட்டையை மாற்றும்வரை டாப்ளரோன் சாக்லேட் டப்பாவில் இருந்த அதே முக்கோணம். தனியாக, கூராக நிற்பதால் சுற்றிப் படமெடுக்க இதைவிடத் தோதான மலை கிடைப்பது கஷ்டம்.

ட்ரோன், 2021-இல் வந்த டிஜேஐ மேவிக் 3. விளம்பரத்தில் போட்டிருக்கும் பறக்கும் நேரம் 46 நிமிஷம். கிளம்பும் இடம், மலையின் வடகிழக்கு விளிம்பில் 3260 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஹொர்ன்லி குடில். மலையேறுபவர்கள் ராத்தங்கும் இடம் அது.

முதலில் செலவு. உச்சியை மையமாக வைத்து 2 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் என்றால் சுற்றளவு 12.6 கிலோமீட்டர். படம் ஆடாமல் வர விநாடிக்கு 8 மீட்டர் வேகம் வைத்தால் 26 நிமிஷம். குடிலிலிருந்து 440 மீட்டர் மேலே ஏறவும் கடைசியில் இறங்கவும் 3 நிமிஷம். வட்டத்துக்குப் போகவும் வரவும் 2 நிமிஷம். மொத்தம் 31.

"46-இல் 31 போனால் கையில் 15 மிச்சம்!" என்று இந்த இடத்தில்தான் கூட்டம் துள்ளிக் குதிக்கிறது.

இப்போது வரவு. அந்த 46 என்பது காற்றே இல்லாத இடத்தில், ஒரே சீரான வேகத்தில், பேட்டரி பூஜ்யத்தைத் தொடும்வரை பறக்கவிட்டு அளந்த எண். கம்பெனியே இதைச் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. படிக்காதது வாங்கியவர் குற்றம். பூஜ்யம்வரை யாரும் பறக்கவிடக் கூடாது. கால் பங்கை ஒதுக்கி வைத்தால் மிஞ்சுவது 34 நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே. அடுத்தது உயரம். 3700 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 70 சதவீதம்தான். மெலிந்த காற்றில் அதே எடையைத் தாங்கி நிற்க இறக்கைகள் வேகமாகச் சுழல வேண்டும். அந்தரத்தில் நிற்க மட்டும் ஏறக்குறைய 20 சதவீதம் கூடுதல் மின்சாரம் ஆகும். அதையும் கழித்தால் 29 நிமிஷம்கூடத் தேறாது.

செலவு 31, வரவு 29. இன்னும் காற்று வீசவில்லை, குளிரும் அடிக்கவில்லை!

குளிரைச் சேர்த்தால் லித்தியம் பேட்டரி சோம்பேறியாகிவிடும். அந்த உயரத்தின் சராசரிக் கணக்கில் வெப்பநிலை மைனஸ் 9 டிகிரி. இந்த ட்ரோன் இயங்கலாம் என்று கம்பெனி சொல்லும் கீழ் எல்லையோ மைனஸ் 10. காற்றைச் சேர்த்தால் கதை இன்னும் மோசம். விநாடிக்கு 6 மீட்டர் காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மலைக்கு அது தென்றல். படத்துக்காகத் தரையைப் பொறுத்து 8 மீட்டர் வேகத்திலேயே போக வேண்டும் என்றால், எதிர்க்காற்றில் ட்ரோன் 14 மீட்டர் வேகத்தில் காற்றைக் கிழிக்க வேண்டும். பின்காற்றில் 2 மீட்டர் போதும். "அங்கே விட்டதை இங்கே பிடித்துவிடலாமே?" முடியாது. வேகம் கூடும்போது காற்றின் தடையைத் தாண்டும் செலவு பல மடங்காக ஏறும். வேகம் குறைந்தாலோ அந்தரத்தில் நிற்பதற்கான செலவு அப்படியே இருக்கும். வட்டத்தில் காற்று என்றைக்கும் நஷ்டக் கணக்குதான். உச்சியின் ஓரத்தில் கொடி கட்டியதுபோல ஒரு மேகம் ஒட்டிக்கொண்டு நிற்கிற மேட்டர்ஹார்ன் படங்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். காற்று மலையில் மோதி, மறுபக்கம் சுழலாகப் புரளும் இடம் அது. முழு வட்டம் அந்தச் சுழலுக்குப் பின்புறமாகவும் போயாக வேண்டும்.

சரி, பெரிய பேட்டரி போட்டால்? எடை கூடும். கூடிய எடையைத் தூக்கவே கூடுதல் மின்சாரம் போகும். இரண்டு மடங்கு பேட்டரி இரண்டு மடங்கு நேரம் தராது. அப்படியே ஏதோ மாயத்தில் 60 நிமிஷம் பறக்கும் ட்ரோன் கிடைத்தாலும் வேலை நடக்காது. ஏனென்றால் மலைக்கு ஒரு பின்பக்கம் இருக்கிறது.

குடிலில் ரிமோட்டோடு நிற்பவருக்கும், மேற்குப் பக்கம் போய்விட்ட ட்ரோனுக்கும் நடுவில் ஒரு பெரும் பாறை. ரேடியோ சிக்னல் அதை ஊடுருவாது. சிக்னல் அறுந்தால் ட்ரோன் தானாக வீடு திரும்பும் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த உயரத்தில் திரும்பும் என்று யாராவது பார்த்திருக்கிறார்களா? கிளம்பிய இடத்திலிருந்து அதிகபட்சம் 500 மீட்டர். குடிலிலிருந்து உச்சி 1218 மீட்டர் மேலே இருக்கிறது. ஆக, வீட்டுக்குத் திரும்பும் நேர்கோடு மலைக்குள்ளே போகிறது. தடையைக் கண்டு நிற்கிற சென்சார் உண்டே என்பார்கள். உண்டு. ட்ரோன் நிற்கும். பேட்டரி நிற்காது.

சட்டமும் இதையேதான் சொல்கிறது. ஐரோப்பிய ட்ரோன் விதிகளை ஸ்விட்சர்லாந்து 2023 ஜனவரி 1 முதல் ஏற்றுக்கொண்டது. தனி அனுமதி இல்லாதவர் ட்ரோனைக் கண் பார்வையில் வைத்திருக்க வேண்டும். மிக அருகிலுள்ள தரைப்பரப்பிலிருந்து 120 மீட்டருக்கு மேல் விலகக் கூடாது. மலையின் பின்பக்கம் போகும் ட்ரோன் முதல் விதியை உடைக்கிறது. பனியாற்றுக்கு மேல் அந்தரத்தில் தொங்கும் வட்டம் இரண்டாவதை உடைக்கிறது. "சட்டம் கலைக்கு எதிரி" என்று முழங்குபவர்கள் ஒரு நிமிஷம் அந்த விளிம்பைப் பார்க்கட்டும். ஹொர்ன்லி விளிம்பில் கோடைக்காலக் காலைகளில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஆட்கள் ஏறுகிறார்கள். அவர்களை மீட்கும் ஹெலிகாப்டர்கள் அதே ஆகாயத்தில் வருகின்றன. 895 கிராம் எடையுள்ள ஒரு பொருள் அங்கே மின்சாரம் தீர்ந்து விழுந்தால், அதை வெறும் படக் கோளாறு என்று யார் சொல்ல முடியும்?

கடைசியாக ஒரு அஸ்திரம் வைத்திருப்பார்கள். "வெட்டு விழுந்தால் அழகு போய்விடும்." இந்த வாதம்தான் எல்லாவற்றையும்விட சொத்தை. காலை வெயில் கிழக்கிலிருந்து வருகிறது. முழு வட்டத்தில் ஏறக்குறைய பாதி, கேமரா சூரியனைப் பார்த்தே போகும். அந்தப் பாதியில் மலை கரிக்கட்டை. உச்சி செக்கச்செவேல் என்று எரியும் அந்த விடியல் வெளிச்சமோ சில நிமிஷ விருந்தாளி. 26 நிமிஷ வட்டம் முடிவதற்குள் அது போய்விடும். அதோடு 26 நிமிஷப் படத்தை யாரும் உட்கார்ந்து பார்க்கப் போவதில்லை. 30 மடங்கு வேகத்தில் ஓட்டினால்தான் ஒரு நிமிஷத்துக்குள் அடங்கும். அந்த வேகத்தில் ஒட்டுப்போட்ட இடத்தைக் கண்டுபிடிக்க யாருக்குக் கண் இருக்கிறது?

2013-இல் இதே மலையை ட்ரோன்களை வைத்து முழுசாக முப்பரிமாண வரைபடம் ஆக்கினார்கள். சென்ஸ்ஃப்ளை என்ற ஸ்விஸ் நிறுவனத்தின் சின்ன இறக்கை விமானங்கள் அவை. அந்த நிபுணர்கள் ஒரே மூச்சில் சுற்றி வந்தார்களா? இல்லை. வேலையைப் பல பறப்புகளாகப் பிரித்தார்கள், ஆயிரக்கணக்கில் புகைப்படம் எடுத்தார்கள், பிறகு கம்ப்யூட்டரில் இணைத்தார்கள். தொழில் தெரிந்தவர் மலையைத் துண்டு போடுகிறார். ஒரே பேட்டரி வீம்பு தெரியாதவருக்குத்தான்.

அப்படியானால் என்னதான் செய்வது? அனுமதியும் உதவிக்கு ஆட்களும் இருந்தால், வட்டத்தை மூன்று வில்லாக வெட்ட வேண்டும். மூன்று பக்கத்தில் மூன்று கிளம்பும் இடம், மூன்று பேட்டரி. ஒரு வில் 4.2 கிலோமீட்டர், 9 நிமிஷம். வில்லின் நடுவுக்குக் கிட்டே நின்று கிளம்பினால், ஏற்றம் இறக்கம், போக்குவரத்து எல்லாம் சேர்த்து 20 நிமிஷத்தில் முடியும். குளிருக்கும் காற்றுக்கும் இடம் மிச்சம். எதிர்க்காற்றுப் பக்கத்தை முதலில் முடித்துவிட்டால் வீடு திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளும். பேட்டரிகளைக் கிளம்பும்வரை சட்டைக்குள் கதகதப்பாக வைத்திருக்க வேண்டும். எந்த இடத்தில் எத்தனை சதவீதம் இருந்தால் திரும்புவது என்பதைக் கிளம்பும் முன்பே காகிதத்தில் எழுதிவிட வேண்டும். பறக்கும்போது முடிவு செய்வது ஆசை. எழுதி வைப்பதுதான் திட்டம்.

அனுமதி இல்லையா? தடை இல்லாத ஒரு இடத்தில், தள்ளி நின்று, கண்ணெதிரே சில நூறு மீட்டர் மட்டும் ஓட்டினால் போதும். முன்னால் ஒரு பாறை விளிம்பு, பின்னால் மலை, நடுவில் நீளமான லென்ஸ். முன்னால் இருப்பது நகர நகர மலையே சுழல்வதுபோலத் தோன்றும். பார்ப்பவருக்கு வேண்டியது அந்தத் தோற்றம்தான். சுற்றளவை அளக்க அவர் டேப் கொண்டு வருவதில்லை.

மேட்டர்ஹார்ன் உச்சியை மனிதர்கள் முதன்முதலில் தொட்டது 1865 ஜூலை 14 அன்று. எட்வர்ட் விம்பரோடு சேர்த்து ஏழு பேர். ஏறும்போது ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இறங்கும்போது நான்கு பேர் விழுந்து இறந்தார்கள். அந்த மலை அன்றைக்கே சொல்லிக்கொடுத்த பாடம் இது. போவதற்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடுபவர் பாதிக் கணக்கோடு கிளம்புகிறார். வட்டத்தில் ஒரு துண்டு குறைந்தால் இன்னொரு நாள் போய் எடுத்துக்கொள்ளலாம். கீழே கயிற்றில் தொங்குகிறவர் தலையில் விழுந்ததை எந்த எடிட்டராலும் வெட்டி எடுக்க முடியாது.