பச்சைத் தேநீரும் இன்புளுவென்சாவும்

திகனவில் மழை பிடித்துக்கொண்டால் வீட்டுக்கு வீடு தும்மலும் இருமலுந்தான். நம் நாட்டில் இன்புளுவென்சாச் சுரம் ஆண்டுக்கு இருமுறை தலைதூக்குகின்றது. சித்திரை தொடங்கி ஆனி வரை ஒருமுறை, கார்த்திகை தொடங்கித் தை வரை மறுமுறை. பச்சைத் தேநீர் அருந்தினால் இச்சுரம் அணுகாது என்று இப்பொழுது பலர் கூறுகின்றனர். அதில் உண்மை எவ்வளவு என்று ஆராய்வோம்.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்ட கண்டி மாவட்டத்தினர் நாம். ஆயினும், கறுப்புத் தேயிலையும் பச்சைத் தேயிலையும் ஒரே செடியின் கொழுந்தே என்பதை நம் மாணவருள் பலர் அறியார். பறித்த கொழுந்தை உடனே சூடாக்கினால் அதிலுள்ள கட்டெச்சின் என்னும் பொருள்கள் பெரும்பாலும் அப்படியே தங்கிவிடும். அது பச்சைத் தேயிலை. வாட்டி, உருட்டி, காற்றுப்பட வைத்தாலோ அவற்றுட் பெரும்பகுதி தியாபிளேவின் முதலிய வேறு பொருள்களாக மாறும்; அது கறுப்புத் தேயிலை.

இவ்விருவகைப் பொருள்களும் இன்புளுவென்சா வைரசைப் பற்றிக்கொண்டு, அது உயிரணுக்களில் ஒட்டாதவாறு தடுப்பதை யப்பானிய ஆய்வாளர் 1993இல் கண்டனர். ஆகவே, நம் வீட்டுப் பிளேன்டீயை எவரும் இழிவாக எண்ண வேண்டியதில்லை! ஆனால், அச்சோதனை நடந்தது ஆய்வுகூடத்துக் கண்ணாடிக் கலங்களில். அருந்திய தேநீரோ தொண்டையைக் கடந்து வயிற்றுக்குப் போய்விடுகின்றது. குருதியிற் சேரும் கட்டெச்சின் மிகச் சொற்பம்.

தேநீரால் வாய் கொப்பளித்தால் என்ன? யப்பானின் சிசுவோகா மாநிலத்து உயர்பள்ளி மாணவர் 747 பேரை வைத்து, 2011 டிசம்பர் முதல் மூன்று மாதம் இதனையும் சோதித்தனர். பச்சைத் தேநீரால் தொண்டையைக் கொப்பளித்தோரில் 19 பேருக்கும், வெறுந்தண்ணீரால் கொப்பளித்தோரில் 25 பேருக்கும் நோய் கண்டது. இவ்வளவு சிறிய வேறுபாடு தற்செயலாகவும் நேரலாம் என்பதே ஆய்வாளர் கொண்ட முடிவு.

தேநீரை விரும்பி அருந்துவதில் தவறில்லை. மருந்தென்று நம்பி வைத்தியரிடம் செல்லத் தாமதிப்பதே அபாயம். கர்ப்பிணிகள், முதியோர், கைக்குழந்தைகள், ஈளை நோயினர் ஆகியோருக்கு இச்சுரம் நுரையீரலைத் தாக்கக்கூடும். இத்தகையோருக்கு வைத்தியர் தரும் ஒசெல்டமிவிர் என்னும் மருந்து, நோய் தொடங்கி இரண்டு நாள்களுக்குள் கொடுத்தாற்றான் நன்கு பயன்படும். மூச்சுத் திணறல் கண்டால் எவராயினும் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லல் வேண்டும்.

பச்சைத் தேயிலைச் சத்து என்று விற்கப்படும் மாத்திரைகளை நாம் விரும்பவில்லை. அளவு மிஞ்சினால் அவை ஈரலைக் கெடுக்கும். இன்னொன்று: சோற்றோடு தேநீர் அருந்தினால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பது குறையும். சோகையுள்ள பெண்கள் உணவுக்கு ஒருமணி நேரம் கழித்தே தேநீர் அருந்துவது நன்று.