சிறுநீரில் ரத்தமா? ‘சூடு’ என்று விட்டுவிடாதீர்கள்!

“யூரின் சிவப்பா போகுது” என்று சொல்லிப் பாருங்கள். சாக்கோட்டைப் பக்கம் முதலில் வரும் பதில், “உடம்பு சூடு, இளநீர் குடி, சரியாயிடும்”. செட்டிநாட்டு வெயிலுக்கு அது நியாயமாகவும் தோன்றும். மறுநாள் சிறுநீர் தெளிந்துவிட்டால் விஷயமே மறந்துபோகும்.

சிக்கல் அங்கேதான். சிறுநீர்ப்பை புற்றுநோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் வலியே இல்லாத ரத்தம். அது வரும், தானாக நிற்கும், பிறகு மறுபடி வரும்.

‘சில சொட்டு சிறுநீரில் கேன்சரைக் கண்டுபிடிக்கலாம்’ என்ற செய்திகள் இப்போது போனில் அடிக்கடி வருகின்றன. அது எவ்வளவு தூரம் உண்மை?

புரதம் எப்படிக் காட்டிக்கொடுக்கிறது?

சிறுநீர்ப்பையின் உட்சுவரில் கட்டி வளர்ந்தால், அதன் செல்கள் சிதைந்து உதிரும். செல்லின் உட்கருவில் இருந்த புரதங்களும் சிறுநீரில் கலக்கும். அதில் ஒன்றுதான் என்எம்பி22. ஏற்கெனவே நோய் வந்தவர்களைக் கண்காணிக்க, 1996-லேயே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்தச் சோதனைக்கு ஒப்புதல் தந்தது. பிறகு கர்ப்பப் பரிசோதனை கிட் போல, சில சொட்டு விட்டு அங்கேயே முடிவு பார்க்கும் வடிவமும் வந்தது.

அப்புறம் ஏன் எல்லோருக்கும் செய்வதில்லை?

கிருமித் தொற்று, சிறுநீர்க் கல் இருந்தாலும் இந்தப் புரதம் கூடும். சின்னக் கட்டியாக இருந்தால் கூடாமலும் போகலாம். அதனால்தான் கேமரா குழாயை உள்ளே விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோபி இன்னும் அவசியம்.

இந்த நோய் திரும்பத் திரும்ப வரக்கூடியது. ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிஸ்டோஸ்கோபி செய்வார்கள். அதற்காக சாக்கோட்டையிலிருந்து மதுரைக்குப் போய்வந்தால், ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போச்சு. நம்பகமான புரதச் சோதனை வந்தால், இந்த அலைச்சலைக் குறைப்பதுதான் அதன் பெரிய பயனாக இருக்கும்.

பக்கத்திலேயே காரைக்குடியில் 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இயங்குகிறது. நாம் சுகர் பார்க்கும் குளுக்கோமீட்டர் பட்டை வேலை செய்வதும் மின்வேதியியலால்தான். அதே வழியில் புற்றுநோய்ப் புரதங்களை அளக்கும் சென்சார்கள் உலகெங்கும் ஆய்வகங்களில் உருவாகின்றன. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கட்டுப்படியாகும் விலையில் அப்படி ஒரு பட்டையை நம் ஊரிலிருந்து எதிர்பார்ப்பது பேராசை இல்லை.

அதுவரை?

சிறுநீரில் ரத்தம் இருக்கிறதா என்று காட்டும் சாதாரணப் பட்டை இப்போதே இருக்கிறது, விலையும் குறைவு. 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் பிரஷர், சுகர் பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள். “யூரின்ல ரத்தம் பார்த்தீங்களா?” என்ற ஒரு கேள்வியையும் அவர்கள் கேட்க அரசு வழிசெய்ய வேண்டும்.

ரத்தம் வந்தாலே கேன்சர் என்று பயப்பட வேண்டாம். ஆனால் சிகரெட், பீடி பழக்கம் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். பெண்களுக்கு வந்தால் ‘இன்ஃபெக்‌ஷன்’ என்று மாத்திரையோடு முடித்துவிடுவதும் நடக்கிறது. ஒரே ஒரு தடவை ரத்தம் பார்த்திருந்தாலும் டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். இளநீரை அப்புறம் குடிக்கலாம்.