எக்ஸஸ் யாருக்கு வலிக்கிறது?

போன மாரியில சித்தப்பாவின்ர ஓட்டோ வழுக்கி மதிலோட மோதிச்சுது. ஆளுக்கு ஒண்டுமில்லை. கராஜ்காரர் 18,000 ரூபா கேட்டார். "முழுக் காப்புறுதி இருக்குத்தானே சித்தப்பா, கிளெய்ம் பண்ணுங்கோவன்" எண்டன். அவர் கணக்குச் சொன்னார்: எக்ஸஸ் 10,000. கொம்பனி தரப்போறது மிச்சம் 8,000. அதை வாங்கினால் நோ கிளெய்ம் போனஸ் போகும்; வாற வருசம் பிரீமியம் 9,000 ரூபா கூடும். அவர் கிளெய்ம் பண்ணேல்லை. சித்தியின்ர காப்பு அடகுக்குப் போச்சு. வண்டி கராஜில நிண்ட நாலு நாள் உழைப்பும் போச்சு.

பிரீமியம் என்பது நாங்கள் வருசா வருசம் கட்டும் காசு. எக்ஸஸ் என்பது சேதம் வந்தால் முதலில் எங்கள் கையிலிருந்து போகவேண்டிய பங்கு. எக்ஸஸைக் கூட்டினால் பிரீமியம் குறையும். "உங்கட விருப்பம்தானே" எண்டு முகவர் சிரிப்பார்.

யாருடைய விருப்பம்? வங்கியில் 100,000 ரூபா சும்மா கிடக்கிறவர் கூடின எக்ஸஸை எடுக்கிறார். வருசா வருசம் பிரீமியத்தில் மிச்சம் பிடிக்கிறார். விபத்து வந்தால் வங்கிக்குப் போவார். கையில் காசில்லாதவரும் அதே திட்டத்தைத்தான் எடுக்கிறார், இந்த வருசப் பிரீமியத்தைக் கட்ட வேற வழியில்லாததால். விபத்து வந்தால் இவர் அடகுக்கடைக்குப் போவார். ஒரே பத்திரம்தான், ஒருவருக்கு அது சேமிப்பு, மற்றவருக்குச் சூதாட்டம்.

எக்ஸஸ் இல்லாவிட்டால் சின்னக் கீறலுக்கும் கிளெய்ம் வரும், செலவு கூடி எல்லாருக்கும் பிரீமியம் ஏறும் என்பார்கள். அது நியாயம். ஆனால் எக்ஸஸ் இருந்தால்தான் ஆக்கள் கவனமாக ஓடுவினம் என்று பொருளியல் விரிவுரையில் படிப்பிக்கிறபோது எனக்குச் சிரிப்பு வருகிறது. வண்டி ஓடாத நாளில் அடுப்பு எரியாத ஒருவருக்கு, கவனமாக ஓட எக்ஸஸ் எதுக்கு?

சட்டம் கட்டாயமாகக் கேட்பது மூன்றாம் தரப்புக் காப்புறுதியை மட்டும்தான். முழுக் காப்புறுதி கேட்பது லீசிங் கொம்பனி. வண்டி முழுசா அழிஞ்சால் இழப்பீட்டில் முதல் பங்கும் அவைக்குத்தான். கடன் கழிஞ்சு மிஞ்சினால்தான் சித்தப்பாவுக்கு. பிரீமியம் முழுக்கக் கட்டுறது மட்டும் அவர்.

காப்புறுதியே வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. பெரிய விபத்தில் அது இல்லாமல் ஒரு குடும்பம் எழும்பாது. நான் கேட்கிறது மூண்டு விசயம். எக்ஸஸ் வண்டியின் பெறுமதிக்கு ஏற்ப இருக்கட்டும். சின்ன கிளெய்ம் ஒன்றுக்காக போனஸ் முழுவதையும் பறிக்க வேண்டாம். கையெழுத்துக்கு முதல், "விபத்து நடந்தால் நீங்கள் கட்டவேண்டியது இவ்வளவு, இழக்கப்போவது இவ்வளவு" என்று ரூபாக் கணக்கில், தமிழில், முதல் பக்கத்தில் எழுதுங்கள். காப்புறுதி ஒழுங்குமுறை ஆணைக்குழு இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

காப்பு இன்னும் அடகில்தான் இருக்கு. இந்த மாதப் பிரீமியத்தைச் சித்தப்பா கட்டிட்டார்.