தெளிந்த நீரெல்லாம் தேர்ந்த நீரா?

பிள்ளைகளுக்கு வீட்டிலேயே தமிழ் எழுத்துக் கற்பிப்பது குறித்து இம்மாதம் எழுதுவோம் என்று சென்ற இதழில் வாக்களித்திருந்தோம். அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். இடையில் ஒரு காரியம் நேர்ந்துவிட்டது. அதில் நம் பங்கு பெருமைக்குரியதன்று. ஆயினும் வெளியூரில் வாடகைக்குக் குடியிருக்கும் நம்மவர் பலருக்கும் அது பயன்படக்கூடும் என்பதால் மறைக்காமல் எழுதுகிறோம்.

நம்முடன் ரயில்வேயில் பணிபுரியும் விருதுநகர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர், தாயாரையும் கருவுற்றிருந்த மனைவியையும் ஊரிலிருந்து போபாலுக்கு அழைத்துவர விரும்பினார். குவார்ட்டர்ஸ் கிடைப்பதாக இல்லை. நிலையத்துக்கு வடக்கே, பழைய யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் ஒரு வீடு குறைந்த வாடகைக்கு வந்தது. மாநகராட்சிக் குழாய் தெருமுனை வரை வந்திருந்தும் அவ்வீட்டுக்குள் இணைப்பு இல்லை. கொல்லையில் ஓர் ஆழ்துளைக் கிணறு உண்டு; மோட்டாரைப் போட்டால் பளிங்குபோல் தண்ணீர் கொட்டியது.

முன்னதாக வீடு பார்க்க வந்திருந்த தாயார் ஒரு டம்ளரில் அதை மொண்டு நம்மிடம் நீட்டினார். “குடித்துப் பாருங்கள் தம்பி, நம் ஊர் உப்புத் தண்ணீருக்கு இது கற்கண்டு. பருப்பும் பதமாய் வேகும், பாருங்கள்” என்றார். பருப்பு வேகிறதா, சோப்பு நுரைக்கிறதா என்று பார்ப்பது நம் வீடுகளில் வழிவழியாக வந்த சோதனை. அது பொய்யான சோதனையும் அன்று. கடின நீரில் பருப்பு வேகத் தாமதமாகும், சோப்பு நுரைக்காது. ஆனால் அதற்கு மேல் அது எதையும் சொல்லாது.

இளைஞர் நம்மைத் தனியே அழைத்து, “அண்ணே, இந்த இடத்துத் தண்ணீரைப் பற்றி ஏதேதோ சொல்கிறார்களே, குடிக்கலாமா?” என்று கேட்டார். பரிசோதித்தே பார்த்துவிடுவோம் என்று நாம் வீறாப்பாகச் சொன்னோம். காலியான குளிர்பானப் பாட்டில் ஒன்றைக் கழுவி, தண்ணீர் பிடித்து, அரசு ஆய்வுக்கூடம் ஒன்றில் கொடுத்தோம். என்ன சோதனை வேண்டும் என்று அங்கே கேட்டார்கள். “எல்லாம்தான்” என்றோம். சில நாளில் அறிக்கை வந்தது. வரிசையாகப் பதின்மூன்று இனங்கள், எல்லாம் வரம்புக்குள். “முன்பணத்தைக் கொடுத்துவிடுங்கள்” என்று சொன்னவர்கள் நாமே.

குடும்பம் குடியேறிய ஆறாவது வாரம், சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், பள்ளியில் வேதியியல் கற்பிக்கும் நம் அன்பர் ஒருவரிடம் அந்த அறிக்கையைக் காட்டினோம். பாராட்டை எதிர்பார்த்தே காட்டினோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் இருமுறை படித்துவிட்டு, “கலங்கல், கடினத்தன்மை, குளோரைடு, ஃபுளோரைடு, நைட்ரேட், இரும்பு, கிருமி… எல்லாம் சரி. அந்த இடத்துக்குப் பார்க்கவேண்டியது இதில் ஒன்றுகூட இல்லையே சார்” என்றார். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

அவர் சொன்னதன் பொருளை விளக்குவோம். 1984 டிசம்பர் 2-ஆம் நாள் இரவு இந்நகரில் நடந்ததை அறியாதார் இல்லை. அன்று நிலையத்தில் பணியிலிருந்தவர்களைப் பற்றி ரயில்வேக்காரர்கள் இன்றும் பேசுகிறோம். ஆனால் காற்றில் வந்த நஞ்சு வேறு, மண்ணில் இறங்கிய நஞ்சு வேறு. அவ்வாலையில் செய்யப்பட்டது செவின் என்னும் பூச்சிமருந்து. நம் ஊர்ப் பக்கத்தில் பருத்திக்குத் தெளித்ததைப் பலர் கண்டிருப்பீர்கள். அதனோடு பி.எச்.சி. இனத்தைச் சேர்ந்த லிண்டேனைக் கலந்து செவிடால் என்ற மருந்தும் அங்கே தயாரானது. குளோரின் சேர்ந்த பென்சீன் வகைக் கரைப்பான்களும் புழங்கின. ஆலை ஓடிய காலத்திலேயே கழிவுகள் வளாகத்துக்குள் கொட்டப்பட்டன. வெளியே வெயிலில் வற்றவிடும் குளங்களிலும் விடப்பட்டன. விபத்து நடந்திராவிட்டாலும் இந்தக் கழிவு அங்கே இருந்திருக்கும்.

பி.எச்.சி. இனப் பொருள்கள் எளிதில் சிதைவதில்லை. மண்ணிலும் நீரிலும் பல்லாண்டு நிற்கும், உண்டவர் உடற்கொழுப்பில் சேரும், தாய்ப்பாலிலும் வரும். நம் நாட்டில் பி.எச்.சி. 1997 ஏப்ரல் முதல் தடை செய்யப்பட்டது. இத்தகைய பொருள்களை ஒழிப்பதற்கென ஏற்பட்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் லிண்டேன் 2009-இல் சேர்ந்தது. தடை வந்தவுடன் மண்ணில் கிடப்பது மறைந்துவிடுமா? 1999-இல் கிரீன்பீஸ் அமைப்பும், 2009-இல் தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையமும் ஆலையைச் சுற்றியுள்ள நிலத்தடி நீரைச் சோதித்து, இத்தகைய வேதிப்பொருள்கள் இருப்பதாகத் தெரிவித்தன. சுற்றுக் குடியிருப்புகளுக்குத் தூய குடிநீர் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் 2004-இலேயே மாநில அரசுக்கு உத்தரவிட்டிருந்தது. வளாகத்தில் மூட்டை கட்டி வைத்திருந்த கழிவில் 337 டன் 2025 ஜனவரியில்தான் லாரிகளில் பீதம்பூருக்குக் கொண்டுபோகப்பட்டு, அவ்வாண்டு நடுவில் எரித்து முடிக்கப்பட்டது. மண்ணில் ஊறியது முழுவதையும் லாரியில் ஏற்றவில்லை.

இவ்வளவும் செய்தித்தாளில் வந்தவைதாம். நாமும் படித்தவர்கள்தாம். ஆயினும் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போனபோது இதில் ஒன்றையும் நினைக்கவில்லை.

அளவுகளைக் கவனியுங்கள். குடிநீருக்கான இந்தியத் தரமாகிய ஐ.எஸ். 10500-இன் 2012-ஆம் ஆண்டுப் பதிப்பு, கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கவை என்கிறது. லிண்டேனுக்கோ லிட்டருக்கு 2 மைக்ரோகிராம்தான் வரம்பு. மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரோகிராம். அதே இனத்தைச் சேர்ந்த பீட்டா வகைக்கு 0.04 மைக்ரோகிராம்தான். இதற்கு நிறமில்லை, சுவையில்லை. சாதாரண ஆய்வுக்கூடச் சோதனையில் சிக்காது. வாயு நிறப்பிரிகைக் கருவி வைத்துள்ள கூடத்தில், பெயர் சொல்லிக் கேட்டால்தான் பார்ப்பார்கள். “எல்லாம்” என்றொரு சோதனை எந்த ஆய்வுக்கூடத்திலும் இல்லை.

வாசலுக்கு வரும் சுத்திகரிப்பு இயந்திர வியாபாரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கையில் பேனா போன்ற மீட்டரை வைத்துத் தண்ணீரில் நனைத்து, “முந்நூறு காட்டுகிறது, விஷம்!” என்பார்கள். அந்த மீட்டர் அளப்பது தண்ணீரில் மின்சாரம் பாயும் திறனை. அதிலிருந்து உப்பின் அளவைக் கணிக்கிறது. பூச்சிமருந்து அதற்குப் புலப்படாது. ஐம்பது காட்டும் நீரில் நஞ்சு இருக்கலாம், நானூறு காட்டும் நீர் நல்லதாகவும் இருக்கலாம். இன்னொருவர் இரண்டு கம்பிகளை நீரில் விட்டு மின்சாரம் செலுத்தி, பழுப்பாகக் குழம்பு கிளம்புவதைக் காட்டினார். நம் இல்லத்தாள் பதறிவிட்டாள். பழுப்பு வந்தது தண்ணீரிலிருந்து அன்று, அவர் கம்பியின் இரும்பு கரைந்ததால் வந்தது! உப்பு நீக்கிய நீரில் மின்சாரம் சரியாகப் பாயாததால் அங்கே மட்டும் தெளிவாக நிற்கிறது. நல்ல வித்தை, சந்தையில் காட்டினால் காசு விழும்.

காய்ச்சிக் குடித்தால் போதாதா என்று நம் சகோதரிகள் கேட்பார்கள். காய்ச்சினால் கிருமி சாகும். அதற்காகக் காய்ச்சத்தான் வேண்டும். ஆனால் இந்த வேதிப்பொருள்களுக்கு அடுப்பை நம்ப முடியாது. நீர் வற்ற வற்ற உப்பும் உலோகமும் செறியவே செய்யும். கரித்தூள் வடிகட்டி பூச்சிமருந்தைப் பிடித்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் உரிய காலத்தில் மாற்றாத கரி நிறைந்துபோய்ப் பயனற்றதாகிவிடும். புட்டி நீரும் கேள்விக்கு அப்பாற்பட்டதன்று. 2003-இல் தில்லி, மும்பைப் பகுதிகளின் புட்டி நீரில் பூச்சிமருந்து எச்சம் காணப்பட்ட பின்னரே, ஒவ்வொரு மருந்துக்கும் 0.1 மைக்ரோகிராம் என்ற வரம்பு 2004 ஜனவரி முதல் அதற்கு வந்தது.

இனி, சோதிக்க விரும்புவோர்க்கு. முதலில் இடத்தை விசாரியுங்கள். அருகில் என்ன ஆலை இருந்தது, என்ன பயிர், எங்கே குப்பை கொட்டினார்கள் என்று அங்கே நெடுநாள் வாழ்ந்த முதியோரைக் கேட்டால் தெரியும். அதற்கேற்பச் சோதனையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற கூடமா, குறிப்பாக இந்தச் சோதனைக்கே அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். பூச்சிமருந்துச் சோதனைக்குப் பழுப்புக் கண்ணாடிப் புட்டி வேண்டும். அதை அவர்களே தருவார்கள். நம் குளிர்பானப் பாட்டிலை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டுப் பிடித்து, பனிக்கட்டியில் வைத்து, அன்றே சேர்க்க வேண்டும். ஒட்டாத பாத்திரப் பூச்சு முதலியவற்றின் தயாரிப்பில் பயன்பட்ட, ‘என்றும் அழியாதவை’ எனப்படும் ஃபுளோரின் சேர்மங்களைச் சோதிப்பதானால் புட்டியும் வேறு, சோதனையும் வேறு. அமெரிக்கா 2024-இல் அவற்றுள் இரண்டிற்கு லிட்டருக்கு 4 நானோகிராம் என வரம்பு கட்டியது. மேற்சொன்ன 2012 பதிப்பில் அவற்றுக்கு வரம்பே குறிக்கப்படவில்லை.

மாநகராட்சி நீரில் குறையே இராது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அதைச் சோதிக்கக் கடமைப்பட்டவர் ஒருவர் இருக்கிறார். தகவல் உரிமைச் சட்டப்படி அறிக்கையைக் கேட்டு வாங்கலாம். வாடகை வீட்டுக் கிணற்றுக்கு யார் இருக்கிறார்? வீட்டுக்காரரிடம் நாம் பேசியபோது, “பிடிக்காவிட்டால் காலி செய்யுங்கள்” என்றார். சட்டம் பேசும் நிலையில் நாமில்லை. அந்த வீட்டைப் பரிந்துரைத்தவர்களே நாம்தாமே.

இளைஞரிடம் உண்மையைச் சொன்னோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, கோபித்திருந்தால் நமக்கு இலேசாக இருந்திருக்கும். தாயார் மட்டும், “ஆறு வாரம் குடித்துவிட்டாளே தம்பி” என்றார். புதிய சோதனைக்கான செலவை அவரும் நாமும் பகிர்ந்துகொண்டோம். இம்முறை புட்டியை ஆசிரியரே கூட வந்து பிடித்துக் கொடுத்தார். இவ்விதழ் அச்சுக்குப் போகும்வரை அறிக்கை வரவில்லை. குழாய் இணைப்புக்கு மனுவும் போட்டாயிற்று. அதுவரை நாள்தோறும் மாலைப் பணி முடிந்ததும், இளைஞர் நம் வீட்டுக் குழாயிலிருந்து இரண்டு கேன் தண்ணீரை ஸ்கூட்டரில் வைத்து எடுத்துப்போகிறார்.