முதல் சீசன் மாதிரி வராது என்று யார் சொன்னது?

‘வதந்தி’ குற்றத் தொடரின் இரண்டாவது சீசனில் சசிகுமார் நடிக்கிறார் என்ற அறிவிப்பு வந்ததுமே தீர்ப்பும் வந்துவிட்டது. ஒரு காட்சியைக்கூட யாரும் பார்த்திருக்கவில்லை. ஆனாலும் “எஸ்.ஜே. சூர்யா நடிச்ச முதல் சீசன் மாதிரி வராது” என்று அடித்துச் சொன்னார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடிந்து டீக்கடையில் நிற்பவரும் இதைத்தான் சொல்கிறார். ஆவடியில் லோக்கல் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்குவதற்குள் கைபேசியில் ஒரு எபிசோடைப் பார்த்து முடிப்பவரும் இதைத்தான் சொல்கிறார். யூடியூபில் விமர்சனம் பேசுகிறவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 2025 பிப்ரவரி 28 அன்று ‘சுழல்’ இரண்டாவது சீசனின் எட்டு எபிசோடுகளும் ஒன்றாக வெளிவந்தபோதும் இதே கதைதான். எட்டையும் பார்த்து முடிக்கும் பொறுமைகூட இல்லாமல் தீர்ப்பு எழுதினார்கள். பார்த்துவிட்டுச் சொன்னால் அது விமர்சனம். பார்ப்பதற்கு முன்பே கையில் தயாராக வைத்திருந்து குத்துவது முத்திரை. நம்மில் பலருக்கு இந்த முத்திரை எரிச்சலூட்டத்தான் செய்கிறது. ஆனாலும் பேச்சு வரும்போது நாமும் தலையாட்டிவிடுகிறோம். அந்தத் தலையாட்டலால்தான் இந்த நம்பிக்கை இத்தனை நாள் கேள்வி கேட்பாரில்லாமல் உலவுகிறது.

இந்த நம்பிக்கைக்காரர்கள் ஹாத்திராம் சௌத்ரிக்குப் பதில் சொல்லட்டும். ‘பாதாள் லோக்’ இந்தித் தொடரின் முதல் சீசன் 2020 மே மாதம் வந்தது. டெல்லியின் விளிம்பில், யமுனைக்கு அப்பால், யாரும் மதிக்காத ஒரு காவல் நிலையம். அதில் பதவி உயர்வு காணாத இன்ஸ்பெக்டர் ஹாத்திராம். அவருக்குக் கீழே அன்சாரி என்ற இளைஞர், ஐ.பி.எஸ். கனவோடு தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். இரண்டாவது சீசன் 2025 ஜனவரியில் வந்தது. அன்சாரி இப்போது ஐ.பி.எஸ். அதிகாரி. ஹாத்திராம் அதே நிலையத்தில், அதே இன்ஸ்பெக்டர். நேற்றுவரை தன்னை ‘சார்’ என்று கூப்பிட்ட பையனுக்கு முன்னால் இவர் இன்று விறைத்து நிற்க வேண்டும். அந்தப் பையனுக்கும் அது கூச்சமாக இருக்கிறது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்போது நமக்குள் எழும் பெருமிதமும் வலியும் முதல் சீசனின் எந்தத் துப்பறிதலிலும் இல்லை, இருந்திருக்கவும் முடியாது. ஏனென்றால் அந்த உறவு கனிய நான்கரை ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. கதைக்குள்ளும் காலம் ஓடியிருக்கிறது, பார்த்தவர் வாழ்விலும் ஓடியிருக்கிறது. விசாரணைக்காகப் போன நாகாலாந்தில் அன்சாரி கொல்லப்படும்போது நமக்கு நெஞ்சடைப்பது ஒரு கதாபாத்திரம் செத்ததற்காக மட்டும் இல்லை. 2020இலிருந்து நாம் அறிந்த ஒருவர் போய்விட்டார். இதை எந்த முதல் சீசன் தரும்?

முதல் சீசனுக்கு ஒரு பெரிய சலுகை உண்டு: யாரும் எதையும் எதிர்பார்க்காமல் வந்து உட்காருகிறார்கள். ஊர் புதிது, முகங்கள் புதிது, கொலைகாரன் யார் என்ற கேள்வியும் புதிது. இந்தப் புதுமையின் கிளர்ச்சியை நாம் தரம் என்று எண்ணிக்கொள்கிறோம். இரண்டாவது சீசனில் அந்தக் கிளர்ச்சி இருக்காதுதான். அது இல்லை என்பதற்காகத் தரமும் இல்லை என்று முடிவுகட்டுவது என்ன நியாயம்? குற்றக் கதையில் இந்த வாதம் இன்னும் வேகமாக உடைகிறது, ஏனென்றால் அந்த வகையே திரும்பத் திரும்ப வரும் மனிதர்களால் வளர்ந்தது. ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் நாவல் 1887இல் வந்தது. உலகம் கொண்டாடும் பாஸ்கர்வில் நாயின் கதை அதற்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்துத்தான் தொடராக வரத் தொடங்கியது. நம் சுஜாதாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘நைலான் கயிறு’ குமுதத்தில் வந்தபோது கணேஷ் மட்டும்தான் இருந்தார். வசந்த் பிறகு வந்து சேர்ந்தவர். அன்றைய வாசகர்களும் “முதல் கதை மாதிரி வராது” என்று புத்தகத்தை மூடிவைத்திருந்தால், வசந்த்தின் குறும்பு இல்லாத கணேஷோடு தமிழ்த் துப்பறியும் கதை நின்றுபோயிருக்கும். வாரா வாரம் காத்திருந்து, அடுத்த வழக்கையும் அதற்கடுத்த வழக்கையும் ஆவலோடு வாங்கிப் படித்த தாத்தா பாட்டிகளின் பேரப்பிள்ளைகள்தான் இன்று இரண்டாவது சீசன் என்றாலே முகம் சுளிக்கிறார்கள்.

‘சுழல்’ விஷயத்துக்கு வருவோம். முதல் சீசன், சிமென்ட் ஆலைத் தீயும் மயானக் கொள்ளைத் திருவிழாவும் சூழ்ந்த சாம்பலூரில், காணாமல்போன பெண்ணைத் தேடியது. அதைத் தமிழில் வந்த நல்ல குற்றத் தொடர்களில் ஒன்றாகத் தயங்காமல் சொல்லலாம். இரண்டாவது சீசனில் நாயகி நந்தினி ஒரு கொலை வழக்கில் சிறைக்குள் இருக்கிறாள். தொடரை உருவாக்கிய புஷ்கர்–காயத்ரி நினைத்திருந்தால் அவளை மறந்துவிட்டு போலீஸ்காரர் சர்க்கரைக்கு மட்டும் ஒரு புது வழக்கைக் கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. முதல் சீசனின் முடிவில் நாம் நிம்மதிப் பெருமூச்சு விட்ட ஒரு செயலுக்குச் சட்டம் என்ன விலை கேட்கும் என்று காட்டினார்கள். நந்தினிக்காக வாதாடும் வழக்கறிஞர் செல்லப்பா கொல்லப்பட, எட்டு இளம்பெண்கள் ஆளுக்கு ஆள் கொலையைத் தாங்கள்தான் செய்ததாக ஒப்புக்கொள்கிறார்கள். அந்த எட்டுப் பேரின் கதை சில இடங்களில் திருவிழாவின் சடங்கோடு அளவுக்கு மேல் பிணைக்கப்பட்டிருக்கிறது, தற்செயல்கள் கூடிவிட்டன என்று ஒருவர் சொன்னால், அது பேசத் தகுந்த குறை. முதல் சீசனிலும் அதே திருவிழாப் பிணைப்பு இருந்ததே, அப்போது ஏன் இனித்தது என்று திருப்பிக் கேட்கலாம். எப்படியானாலும் அது எழுத்தின் குறை. ‘இரண்டாவது’ என்ற எண்ணின் மேல் அந்தப் பழியைப் போடுவது சோம்பேறித்தனம்.

“அப்படியானால் இரண்டாவது சீசனில் ‘ட்ரூ டிடெக்டிவ்’ ஏன் விழுந்தது, ‘சேக்ரட் கேம்ஸ்’ ஏன் விழுந்தது” என்று உடனே கேட்பார்கள். இந்த இரண்டு பெயர்களையும் விட்டால் அவர்களுக்கு வேறு சாட்சி கிடையாது. ‘ட்ரூ டிடெக்டிவ்’ முதல் சீசனின் எட்டு எபிசோடுகளையும் கேரி ஃபுகுனாகா என்ற ஒரே இயக்குநர் எடுத்தார். அது 2014 ஜனவரியில் வந்தது; அடுத்தது 2015 ஜூனிலேயே வந்துவிட்டது, பல இயக்குநர்கள் கைமாறி. எழுத்தாளரை அவசரப்படுத்தியது தன் தவறு என்று ஹெச்பிஓவின் நிகழ்ச்சித் தலைவராக இருந்த மைக்கேல் லொம்பார்டோவே பிறகு ஒப்புக்கொண்டார். ‘சேக்ரட் கேம்ஸ்’ முதல் சீசன் 2018 ஜூலையில், அடுத்தது 2019 ஆகஸ்டில். இன்னொரு பக்கம், ஹாத்திராமுக்கு நான்கரை ஆண்டுகளுக்கு மேல் கிடைத்தது. எழுதுகிறவருக்கு அவகாசம் கொடுக்காத கம்பெனியின் பேராசையை ஏதோ இயற்கை விதி மாதிரி நாம் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்? நிறுவனங்களின் மேல் சொல்ல இன்னும் இருக்கிறது. எட்டு எபிசோடையும் ஒரே ராத்திரி கொட்டிவிட்டு, மறுநாள் காலை ‘அடுத்து இதைப் பாருங்கள்’ என்று வேறொன்றை நீட்டுகிறார்கள். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்க்கும் பொத்தானையும் அவர்களே தருகிறார்கள். ஹாத்திராம் பேசாமல் நிற்கும் இடங்களில்தான் கதையே இருக்கிறது. அந்த மௌனத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் தாண்டிப் போய்விட்டு, முதல் சீசனில் இருந்த ஆழம் இல்லை என்று சொல்பவரிடம் என்ன பேசுவது?

‘தி வயர்’ இரண்டாவது சீசன் 2003இல் பால்டிமோரின் போதைத் தெருக்களை விட்டுத் துறைமுகத்துக்குப் போனபோது, பழைய முகங்கள் எங்கே என்று பார்வையாளர்கள் கோபப்பட்டார்கள். ஒரு கன்டெய்னருக்குள் பதின்மூன்று பெண்களின் சடலங்கள். அதைத் தொடர்ந்து போனால், கப்பல் வரத்து குறைந்து, வேலை நாள் சுருங்கி, சங்கத்தைக் காப்பாற்றுவதற்காகக் கடத்தலுக்குத் துணைபோகும் தொழிலாளர்கள். போதை விற்கும் பையனையும் துறைமுகத் தொழிலாளியையும் ஒரே நகரம்தான் கைவிட்டது என்பதை இரண்டாவது சீசன் வந்த பிறகுதான் அந்தத் தொடரால் சொல்ல முடிந்தது. அம்பத்தூரில் டன்லப் ஆலை மூடியதைக் கண்டவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். ‘கேரளா கிரைம் ஃபைல்ஸ்’ முதல் சீசன் 2023இல் ஒரு லாட்ஜ் கொலையையும் பதிவேட்டில் எழுதப்பட்ட பொய் முகவரியையும் வைத்து நேர்த்தியாக நகர்ந்தது. 2025இல் வந்த இரண்டாவது சீசனுக்கு ‘கிஷ்கிந்தா காண்டம்’ எழுதிய பாஹுல் ரமேஷ் கதை எழுதினார். காணாமல்போன ஒரு காவலரைத் தேடப் போய், போலீஸ் நாய்களின் உலகத்துக்குள் நம்மைக் கொண்டுபோய், அது முதல் சீசனைத் தெளிவாகவே தாண்டியது. ஹாத்திராமை மட்டும் வைத்து வாதாடுகிறேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஹாத்திராம் ஒருவரே போதும் என்பது வேறு விஷயம்.

அந்த யமுனைக்கு அப்பாலுள்ள காவல் நிலையத்தைப் பார்க்கும்போது நம் பக்கத்து ஆதங்கம் ஒன்றும் கிளம்புகிறது. 2022 ஜனவரி 1 அன்று சென்னை மாநகரக் காவலிலிருந்து பிரித்து ஆவடிக்குத் தனி ஆணையரகமே வந்துவிட்டது. தொழிற்பேட்டை, ராணுவ ஆலைகள், ஏரிக்கரை மனைகள், நிலத் தகராறுகள், வடமாநிலத் தொழிலாளர்கள் தங்கும் அறைகள் என்று ஒரு குற்றத் தொடருக்கு வேண்டிய மனிதர்கள் அத்தனை பேரும் இங்கே இருக்கிறார்கள். ஆனால் நம் தொடர்கள் மலைக்குப் போகும், கடற்கரைக்குப் போகும், திருவிழா நடக்கும் ஊருக்குப் போகும். சென்னையின் மேற்குப் புறநகர் வந்தால் அது பிணம் வீசும் ஏரிக்கரையாகத்தான் வரும். ஒரு காவல் நிலையத்தை இரண்டு, மூன்று சீசன்களுக்கு விடாமல் பின்தொடரும் பழக்கம் வந்தால்தான் இப்படிப்பட்ட சாதாரண ஊர்களுக்குக் கதையில் இடம் கிடைக்கும். ஒரே சீசனில் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும் என்றால் எழுதுகிறவர் திருவிழாவைத்தான் தேடுவார்.

ஆதாரம் தேடி டெல்லிக்கும் பால்டிமோருக்கும் போக வேண்டியதே இல்லை, பூந்தமல்லியிலேயே இருக்கிறது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதை வைத்து நாகேஷ் குகுனூர் இயக்கிய ‘தி ஹன்ட்’ 2025 ஜூலையில் சோனி லிவ்வில் வந்தது. அனிருத்ய மித்ராவின் புத்தகத்தைத் தழுவிய அந்தத் தொடர், கொலையில் தொடங்கி பெங்களூரு கோனனகுண்டேயில் முக்கியக் குற்றவாளி சிவராசன் மடிந்தது வரையிலான தொண்ணூறு நாள் வேட்டை. விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால் அந்த வழக்கு அங்கேயா முடிந்தது? பூந்தமல்லி தடா நீதிமன்றத்தில் மூடிய கதவுகளுக்குள் 288 அரசுத் தரப்புச் சாட்சிகள் விசாரிக்கப்பட்டார்கள். 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் தூக்கு என்று தீர்ப்பு வந்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் நான்கு பேருக்குத் தூக்கை உறுதி செய்து, மூவருக்கு ஆயுளாகக் குறைத்து, பத்தொன்பது பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. பிறகு அந்தத் தூக்குகளும் ஆயுளாகி, 2022 மே மாதம் அவர்களில் ஒருவரான பேரறிவாளன் விடுதலையானார். அதே ஆண்டு நவம்பரில் எஞ்சியிருந்த ஆறு பேரும் விடுதலையானார்கள். வேட்டை தொண்ணூறு நாள், அதற்குப் பிந்தையது முப்பத்தொரு ஆண்டு. 26 பேரைத் தூக்குக்கு அனுப்பிய ஒரு தீர்ப்பிலிருந்து பத்தொன்பது பேர் கொலைப்பழி நீங்கி வெளியே வந்தார்களே, அந்த இடைவெளியில் பிடித்தவர், பிடிபட்டவர், தீர்ப்பெழுதியவர், குண்டில் உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் எல்லோரும் என்னவாக இருந்தார்கள் என்ற கேள்விக்கு முன்னால் சிவராசன் எங்கே ஒளிந்திருந்தார் என்ற கேள்வி மிகச் சிறியது. ஹாத்திராமும் அன்சாரியும் நிரூபித்ததைத்தான் இந்த வழக்கும் சொல்கிறது: குற்றவாளி பிடிபட்ட பிறகு நடப்பதில்தான் கனமான கதை இருக்கிறது, அதற்குத்தான் இரண்டாவது சீசன்.

வழக்கு விசாரணையை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள், ஓட்டமும் துரத்தலும் வேண்டாமா என்று கடைசியாக ஒரு கேள்வி வரும். 2021 நவம்பரில் ‘ஜெய் பீம்’ படம் வந்தபோது தமிழ்நாடே பார்த்தது. ஓர் ஆட்கொணர்வு மனு, ஒரு கர்ப்பிணிப் பெண், ஒரு நீதிமன்ற அறை, காவலர்களின் சாட்சியம். கூண்டில் நின்றவர்கள் சொன்ன பொய் ஒவ்வொன்றும் உடையும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த அதே மக்கள்தான் அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பொறுமை இல்லை என்று தொடர் எடுப்பவர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பது, முதல் சீசனைத் தாண்டி எதையும் பார்க்க மறுக்கும் கூட்டம்தான்.