வறுமை வளர்த்த மேதையா?

பரிசளிப்பு விழா மேடைகளிலும், மாணவருக்கென எழுதப்படும் வாழ்க்கை வரலாற்றுச் சிறு நூல்களிலும், ஞாயிறு மலர்களிலும் ஒரு கதை ஓயாது சொல்லப்பட்டு வருகிறது. இலண்டன் மாநகரின் ஏழைத் தெருவொன்றிலே ஒரு சிறுவன் பிறந்தான். பட்டினி கிடந்தான். தந்தை குடித்து அழிந்தார். தாய் சித்தங் கலங்கினாள். ஆயினும் சிறுவன் துவண்டு விடவில்லை. முயன்றான், உழைத்தான், உலகமே போற்றும் சார்ளி சப்ளின் ஆனான். கதை இத்துடன் முடிவதில்லை. அதற்கு ஒரு படிப்பினையும் உண்டு: வறுமைதான் அவனை மேதையாக்கியது, ஆகவே, பிள்ளைகளே, வறுமையைக் கண்டு வருந்தாதீர்கள்!

கதையைச் சொல்வோரிற் பெரும்பாலோர் நல்லெண்ணத்துடனேயே சொல்கின்றனர் என்பதை நாம் மறுக்கவில்லை. கதையிலுள்ள சம்பவங்களும் பொய்யல்ல. படிப்பினைதான் பொய். பசியுடன் இருப்பவனுக்குப் பசியையே மருந்தென்று கூறும் பொய் அது. அதனை ஆராயாது விடுவது நேர்மையாகாது.

முதலில் உண்மைகளைப் பார்ப்போம்.

சப்ளின் 1889 ஏப்ரல் 16ஆம் தேதி பிறந்தார். தாய் ஹன்னா, தந்தை சார்ள்ஸ் இருவருமே 'மியூசிக் ஹோல்' எனப்பட்ட ஜனரஞ்சக இசையரங்குகளின் பாடகர்கள். குழந்தை கைக்குழந்தையாய் இருக்கும்போதே இருவரும் பிரிந்தனர். ஹன்னாவின் குரல் வளம் விரைவிற் கெட்டது. குரலை விற்றுப் பிழைத்தவளுக்குக் குரல் போனால் வேறு என்ன உண்டு? முதியோருக்கோ, நோயுற்றோருக்கோ, தொழில் இழந்தோருக்கோ அரசு உதவிப்பணம் எதுவும் அன்று கிடையாது. அவள் தையல் ஊசியை எடுத்தாள். முதலாளி ஒருவருக்குக் கூலிக்குச் சட்டைகள் தைத்துக் கொடுத்தாள். ஒரு டசின் சட்டைக்கு ஒரு சிலிங் ஆறு பென்ஸ் கூலி. அவள் ஒரு வாரத்தில் மிகக் கூடுதலாகத் தைத்தவை 54 சட்டைகள் என்றும், அதற்குக் கிடைத்தது ஆறு சிலிங் ஒன்பது பென்ஸ் என்றும் 1964இல் வெளிவந்த தமது சுயசரிதையில் சப்ளின் கணக்குக் காட்டுகிறார். தாயின் வியர்வையை மகன் அறுபதாண்டுகளுக்குப் பின்னரும் பென்ஸ் கணக்கில் நினைவு வைத்திருந்தார்.

அவ்வூசியும் குடும்பத்தைக் காக்கவில்லை. 1896இல் தாயும், சார்ளியும், அவரது மூத்த சகோதரன் சிட்னியும் லாம்பெத் ஏழைவிடுதியின் வாசலை மிதித்தனர். இவ்விடத்தில் இவ்விடுதிகள் எத்தகையவை என்பதை விளக்குதல் அவசியம். 1834ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம் ஒரு தத்துவத்தின் மீது எழுப்பப்பட்டது. விடுதிக்குள் இருப்பவனின் நிலை வெளியே உள்ள மிகக் கீழ்ப்பட்ட கூலியாளின் நிலையிலும் தாழ்ந்ததாய் இருத்தல் வேண்டும். அப்பொழுதுதான் எத்தகைய கூலிக்கும் மனிதர் உழைக்கச் சம்மதிப்பர் என்பதே அத்தத்துவம். விடுதியின் கொடுமை நிர்வாகத்தின் தவறால் நேர்ந்ததன்று. அது திட்டமிட்ட கொடுமை. ஆண்கள் ஒருபுறம், பெண்கள் ஒருபுறம், பிள்ளைகள் ஒருபுறமாகப் பிரிக்கப்பட்டனர். வறுமை குற்றமென்றும், ஏழை அக்குற்றத்திற்குத் தண்டனை அனுபவிக்க வேண்டியவன் என்றும் ஒரு பேரரசு தன் சட்டத்தினாலேயே அறிவித்தது.

ஏழு வயதுச் சார்ளி நகருக்கு வெளியே ஹான்வெல் என்னுமிடத்திலிருந்த ஏழைப் பிள்ளைகள் பாடசாலைக்கு அனுப்பப்பட்டான். தலை மழிக்கப்பட்டது. செய்யாத குற்றத்திற்காகப் பிள்ளைகள் அனைவர் முன்னிலையிலும் பிரம்படி வாங்கினான். அங்கே சமையலறையில் வேலை செய்த சிட்னி, தம்பிக்கு இரகசியமாக வெண்ணெய் தடவிய ரொட்டி கொடுப்பதுண்டு. சிறிது காலத்தில் அந்த ஆதரவும் போயிற்று. சிட்னி பயிற்சிக் கப்பலொன்றுக்கு அனுப்பப்பட்டான்.

1898இல் குடும்பம் மீண்டும் ஏழைவிடுதியிற் சேர்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் ஹன்னா தன்னையும் பிள்ளைகளையும் விடுவிக்குமாறு கோரினாள். விடுதியிலிருந்து வெளியேறும் உரிமை சட்டப்படி இருந்தது. வெளியே செல்ல இடந்தான் இருக்கவில்லை. சிட்னியின் கைக்குட்டை முடிச்சில் ஒன்பது பென்ஸ் இருந்தது. கெனிங்டன் பூங்காவில் அமர்ந்து மூவரும் கறுப்புச் செர்ரிப் பழங்கள் வாங்கித் தின்றனர். கசங்கிய கடதாசியைப் பந்தாக்கி விளையாடினர். மாலையில் மீண்டும் விடுதிக்குத் திரும்பினர். தன் பிள்ளைகளுடன் ஒரு பகற்பொழுதைக் கழிப்பதற்கு ஒரு தாய் செய்ய வேண்டியிருந்த தந்திரம் இது!

அடுத்த மாதமே ஹன்னா கேன் ஹில் மனநோய் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டாள். தந்தை 1901இல், நாற்பது வயதை எட்டுமுன்னரே, குடியினால் வந்த நோயினால் மாண்டார். பொதுச் சவக்குழியே அவருக்குக் கிடைத்தது. 1903இல் ஹன்னாவின் நோய் மீண்டும் முற்றியபோது சிட்னி கடலில் இருந்தான். பதினான்கு வயதுச் சார்ளிதான் தாயைக் கைபிடித்து வைத்தியரிடம் நடத்திச் சென்றான். அவள் போதிய உணவின்றி மெலிந்திருப்பதை வைத்தியர் கண்டார். அன்று பிற்பகல் ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்திருந்தாலே தனக்கு ஒன்றும் நேர்ந்திராது எனத் தாய் பின்னர் கூறியதைச் சப்ளின் நினைவுகூர்கிறார். தாயை அங்கே விட்டுத் திரும்பிய சிறுவன், மறுபடியும் ஏழைவிடுதிக்கு அனுப்பிவிடுவார்களோ என அஞ்சி, வீட்டுக்காரியின் கண்ணிற் படாமல் ஒளிந்து திரிந்து, விறகு பிளப்போருடன் சேர்ந்து வயிற்றைக் கழுவினான்.

இவற்றிலே மேதையை வளர்த்தது எது? பிரம்படியா? மழித்த தலையா? தாயின் சித்தத்தைக் கலக்கிய பட்டினியா?

வறுமையின் மெய்யான 'கொடை' யாது என்பதற்கு ஒரு சான்று போதும். அதே 1903இல் 'ஷெர்லொக் ஹோம்ஸ்' நாடகத்திலே சார்ளிக்குச் சிறுவன் வேடமொன்று கிடைத்தது. வாரம் இரண்டு பவுண் பத்துச் சிலிங் சம்பளம். நாடகப் பிரதியைக் கையில் வாங்கிய சிறுவனுக்கு அதனைச் சரிவர வாசிக்கத் தெரியவில்லை. சிட்னி வாசித்துக் காட்ட, கேட்டு மனனஞ் செய்தான். ஏழைகளும் கட்டணமின்றி ஆரம்பக் கல்வி பெறும் வழி 1891இலேயே இங்கிலாந்தில் திறந்துவிடப்பட்டிருந்தது. எனினும் விடுதிக்கும் வீதிக்கும் இடையே அலைக்கழிந்த பிள்ளைக்கு அக்கல்வி எட்டவில்லை. வறுமை அவனுக்கு எதையும் கற்பிக்கவில்லை. கற்க வேண்டியதையும் பறித்துக்கொண்டது.

அவனை வளர்த்தவை வேறு. தெருவிற் போவோரின் நடையையும் முகக்குறியையும் சாளரத்தருகே இருந்து கவனித்து, அவர்களைப் போலவே நடித்துக் காட்டிய தாயே அவனது முதல் ஆசிரியை. அடுத்து அவனை ஏற்றுக்கொண்டது இசையரங்கு. உழைக்கும் மக்கள் மாலை வேளைகளிற் கூடிச் சிரித்த, பாடிய கலையரங்கு அது. ஒன்பதாம் வயதில் 'எட்டு லங்காஷயர் பையன்கள்' என்னும் நடனக் குழுவிலே சேர்ந்து மரக்கட்டைச் செருப்பணிந்து ஆடினான். பின்னர் நாடகக் குழுக்கள். 1908 முதல் பிரெட் கார்னோவின் நகைச்சுவைக் குழு. அங்கே ஊமைக்கூத்தின் நுட்பங்கள் இரவு தோறும் மேடையிலே பரீட்சிக்கப்பட்டன. 1913இன் முடிவில் வாரம் 150 டொலர் சம்பளத்திற்குக் கீஸ்டோன் படக் கம்பனியிலே நுழைந்தபோது சப்ளினுக்கு வயது இருபத்து நான்கு. ஆயினும் அவர் பதினைந்தாண்டுக் காலப் பயிற்சி பெற்ற கைதேர்ந்த தொழிற்கலைஞர். 1914இல் வெண்திரையில் தோன்றிய அந்தக் கந்தற்கோல நாடோடி வானத்திலிருந்து குதித்தவனல்லன். தாயின் அன்பும், தமையனின் துணையும், தொழிலறிந்த மூத்த கலைஞரின் பயிற்சியும், ஏழை மக்களின் கலை மரபும் சேர்ந்து ஆக்கியவன் அவன். அதாவது, மேதையை வளர்த்தவர்கள் மனிதர்கள்.

இன்னொன்றும் கேட்போம். ஹான்வெல்லிலே சார்ளியுடன் தலை மழிக்கப்பட்ட பிள்ளைகள் எங்கே? அவர்களும் அதே கஞ்சியைக் குடித்தவர்கள். அதே பிரம்புக்கு அஞ்சியவர்கள். வறுமை மேதையை விளைவிக்கும் நிலமாயின், அந்நிலத்தில் எத்தனை நூறு சப்ளின்கள் விளைந்திருக்க வேண்டும்! கடலிலே கவிழ்ந்த கப்பலிலிருந்து ஒருவன் நீந்திக் கரை சேர்ந்தால், கப்பல் கவிழ்ந்தது நன்மைக்கே என்று எவரும் கூறுவதில்லை. ஏழைகளின் கப்பல் விடயத்தில் மாத்திரம் அவ்வாறு கூறத் துணிகிறோம்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். சப்ளினின் கலைக்குக் கருப்பொருளே வறுமையல்லவா? அவ்வாழ்வை வாழாதிருந்தால் அப்படங்களை எடுத்திருப்பாரா? இது தள்ளிவிடத்தக்க கேள்வியன்று. 1921இல் வெளிவந்த 'த கிட்' படத்திலே அதிகாரிகள் குழந்தையைப் பிடுங்கி வண்டியில் ஏற்றும் காட்சியில், ஹான்வெல்லுக்கு அனுப்பப்பட்ட ஏழு வயதுச் சிறுவன் இருக்கிறான். 1925இன் 'த கோல்ட் ரஷ்' படத்திலே சப்பாத்தை அவித்து உண்பவனின் நாகரிகத்தைக் கண்டு நாம் சிரிக்கிறோம்; அந்தச் சிரிப்பின் அடியிற் பசி இருக்கிறது. 1936இன் 'மொடேர்ன் டைம்ஸ்' படத்திலே இயந்திரம் மனிதனை விழுங்குகிறது. அனுபவம் கலைக்குப் பொருள் தந்தது உண்மையே. ஆனால் அப்படங்கள் வறுமைக்கு நன்றி கூறுகின்றனவா? அவை ஒவ்வொன்றும் வறுமைக்கு எதிரான சாட்சியம். சாட்சி கூறுபவன் குற்றவாளிக்குக் கடமைப்பட்டவன் என்பது எந்த நியாயம்?

சப்ளினே இது பற்றித் தீர்ப்புக் கூறிவிட்டார். ஆங்கில நாவலாசிரியர் சோமர்செற் மோம், சப்ளின் தமது இளமைக் காலத்துச் சேரி வாழ்வை எண்ணி ஏங்குகிறார் என்ற கருத்துப்பட எழுதினார். செல்வரின் சாய்வு நாற்காலியிலிருந்து பார்க்கையிற் சேரியும் ஓர் அழகிய ஓவியமாகத் தோன்றும் போலும்! சப்ளின் தமது சுயசரிதையிலே அதனை வன்மையாக மறுத்தார். வறுமையிலே தாம் கவர்ச்சி எதையும் கண்டதில்லை. அது மனிதனை உயர்த்துவதும் இல்லை. வாழ்வின் மதிப்புகளைத் திரித்துக் காட்டியதும், செல்வரின் பண்புகளை அளவுக்கு மிஞ்சி மதிக்கச் செய்ததுமே வறுமை தமக்குக் கற்பித்த பாடம் என்பதே அவரது மறுப்பின் சாரம். அனுபவித்தவரே மறுத்த கருத்தை அவர் பெயராலேயே பரப்புவதற்கு நமக்கு என்ன உரிமை?

அப்படியாயின் இக்கதை ஏன் இத்துணை விருப்புடன் சொல்லப்படுகிறது? அது யாருக்கும் செலவு வைக்காத கதை என்பதே காரணம். வறுமை மேதையை வளர்க்குமாயின், வறுமையை ஒழிக்க வரி எதற்கு? பாடசாலையிலே மதிய உணவு எதற்கு? தொழிலாளிக்குக் கூலி உயர்வு எதற்கு? தோல்வியுற்ற பிள்ளை முயற்சியற்ற பிள்ளை என்று கூறிக் கணக்கை முடித்துவிடலாமல்லவா? 1834இன் சட்டம் ஏழையைத் தண்டித்தது. நமது மேடைக் கதை ஏழையைப் பாராட்டுகிறது. இரண்டும் அவனை இருந்த இடத்திலேயே இருத்துகின்றன.

வென்றவனைப் பாராட்டிய சமூகம் அவனை எதுவரை பொறுத்தது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. 1916இல் வாரம் 10,000 டொலர் சம்பளம் பெற்ற சப்ளினை அமெரிக்கா தன் வாய்ப்புகளுக்குச் சான்றாகக் காட்டி மகிழ்ந்தது. சமூகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கும் சப்ளினை அது சகிக்கவில்லை. 1952 செப்டெம்பரில் அவர் இங்கிலாந்து நோக்கிக் கடலிற் சென்றுகொண்டிருக்கையில் அவரது மீள்வருகை அனுமதி இரத்துச் செய்யப்பட்டது. அரசியற் கருத்துகள் பற்றியும் ஒழுக்கம் பற்றியும் விசாரணைக்குட்பட்டாலன்றி நாட்டினுள் நுழைய முடியாதென்றனர். சுவிற்சர்லாந்திலே குடியேறிய அவர் மீண்டும் அமெரிக்க மண்ணை மிதித்தது 1972இல், சிறப்பு ஒஸ்கார் விருது பெறுவதற்காக. அப்பொழுது அவருக்கு வயது எண்பத்து மூன்றை நெருங்கிக்கொண்டிருந்தது.

சப்ளின் பிறந்த அதே 1889இல், அவர் பிறந்த அதே இலண்டனில், இன்னொரு சம்பவமும் நிகழ்ந்தது. துறைமுகத் தொழிலாளர் மணிக்கு ஆறு பென்ஸ் கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். வாரக் கணக்கிற் பட்டினி கிடந்து போராடி வென்றனர். அத்தகைய இயக்கங்களின் நெருக்குதல் வளர வளரவே 1906இல் பாடசாலைப் பிள்ளைகளுக்கு உணவளிக்க இடமளிக்கும் சட்டமும், 1908இல் முதியோர் உதவிப்பணமும் வந்தன. 1948இலேதான் ஏழைகள் சட்டம் முற்றாக நீக்கப்பட்டது; அதே ஆண்டில் இலவச வைத்திய சேவையும் தொடங்கியது. அவை அரை நூற்றாண்டு முந்தி வந்திருப்பின், ஹன்னா சட்டை தைத்துத் தேய்ந்திருக்க வேண்டியதில்லை. ஒரு கோப்பைத் தேநீருக்காக ஏங்கியிருக்க வேண்டியதில்லை.

ஆசிரிய நண்பர்களே, சப்ளினின் கதையைச் சொல்லாதீர்கள் என்று நாம் கேட்கவில்லை. முழுவதையும் சொல்லுங்கள் என்றே கேட்கிறோம். ஐம்பத்து நான்கு சட்டைகளின் கணக்கைச் சொல்லுங்கள். கரை சேராத பிள்ளைகளையும் சொல்லுங்கள். துறைமுகத் தொழிலாளர் கேட்ட ஆறு பென்ஸையும் சேர்த்துச் சொல்லுங்கள். காலையில் உண்ணாமல் வந்து உங்கள் வகுப்பின் கடைசி வாங்கில் ஒரு பிள்ளை அமர்ந்திருக்கக் கூடும். அப்பிள்ளையிடம், பசி உன்னை உயர்த்தும் என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்பிள்ளைக்கு முதலில் வேண்டியது உணவு. அடுத்து வேண்டியது, தான் பசித்திருப்பது தன் குற்றமன்று என்னும் அறிவு.